ஃபெர்ன்ட்ரீ கல்லி ஆயிரம் படிகள்: அம்மாவைக் கூட்டிப்போகலாமா?

நோபிள்பார்க்_மீனா

எல்லோருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து அம்மா மெல்பர்னுக்கு வந்திருக்கிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஊரில் தினமும் காலையில் நடப்பவர். பழனி படியை யார் கையையும் பிடிக்காமல் ஏறுவார். இங்கே வந்ததிலிருந்து குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்தார். போன ஞாயிறு பேசின் பிள்ளையார் கோயிலுக்குப் போனபோது, பின்னால் தெரிந்த டான்டினாங் மலையைப் பார்த்துவிட்டு, "இதில் ஏறுவதற்கு வழி இல்லையா?" என்று கேட்டார். கூட வந்த ஒருவர் ஆயிரம் படிகளைப் பற்றிச் சொல்லப்போக, அன்றிலிருந்து தினமும் அதே பேச்சுதான்.

கணவர் வேண்டாம் என்கிறார். குளிர்காலம், படி ஈரமாக இருக்கும், வழுக்கினால் என்ன செய்வது என்பது அவர் கவலை. அம்மாவுக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு, சர்க்கரை கிடையாது. முழங்கால் எப்போதாவது வலிக்கும். போய் வந்தவர்கள் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். ஏறக்கூடிய இடமா? எவ்வளவு நேரமாகும்? பெரிய கூட்டமா?

மலையடி_சுதன்

அக்கா, நான் அந்தப் பக்கம்தான் இருக்கிறேன், அடிக்கடி போகிறவன். முதலில் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்பர் ஃபெர்ன்ட்ரீ கல்லியில், பர்வுட் ஹைவேக்குப் பக்கத்திலேயே பிக்னிக் மைதானம் இருக்கிறது. நடை அங்கே தொடங்கி மேலே ஒன் ட்ரீ ஹில்லில் முடியும். போக வர ஏறக்குறைய 5 கிலோமீட்டர். தூரத்தைக் கேட்டால் ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் ஏற்றம் 300 மீட்டரை ஒட்டி வரும், அதில் பெரும்பகுதி நடுவில் இருக்கிற படிகளிலேயே முடிந்துவிடும். தொடக்கத்தில் நல்ல அகலமான பாதை, மெல்லிய ஏற்றம். அதை நம்பி வேகமாகப் போகிறவர்கள்தான் படி தொடங்கியதும் மூச்சு வாங்கி நிற்பார்கள்.

ஆயிரம் என்பது பெயர்தான். எழுநூற்றுச் சொச்சம் என்று எண்ணியவர்கள் சொல்வார்கள். பழனியும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கைதான், அதனால் அம்மாவுக்குப் புதிதாக இருக்காது. ஒரே வித்தியாசம், இங்கே படிகள் குறுகல், உயரமும் ஒன்றுபோல இராது. பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் மரப்பெரணிகள் மூடி நிற்பதால் குளிர்காலத்தில் வெயில் படாது. மழை பெய்து நாலு நாள் ஆன பிறகும் சில இடங்கள் ஈரமாகவே கிடக்கும். கைப்பிடி இருக்கிறது, அதைப் பிடித்து ஏறச் சொல்லுங்கள்.

நிதானமாகப் போனால் போக வர இரண்டு மணி நேரம். அம்மாவோடு என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். மேலே பெரிய காட்சி இருக்கும் என்று சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள், மரங்கள்தான் தெரியும். இந்த நடையில் பார்க்க வேண்டியது வழியில்தான் இருக்கிறது.

ஓட்டக்காரி

கட்டாயம் கூட்டிப்போங்கள். என் மாமியார் உங்கள் அம்மாவைவிட மூத்தவர், நன்றாகவே ஏறினார். ஒரே நிபந்தனை, வார இறுதிக் காலையில் போகாதீர்கள். எட்டு மணிக்கெல்லாம் கார் நிறுத்த இடம் இருக்காது. என்னைப் போல உடற்பயிற்சிக்கு வருகிறவர்கள் வேகமாக ஏறுவோம், முந்திப் போகும்போது அம்மா தடுமாறக்கூடும். வார நாளில், பத்து மணிக்கு மேல் போனால் பாதை உங்களுடையது.

கைகால்_வைத்தியன்

நான் பிசியோதெரபிஸ்ட். மீனா, உங்கள் கேள்வியில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. எல்லோரும் ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறார்கள். ஏற்றம் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை. மூச்சு வாங்கினால் நிற்கலாம், தண்ணீர் குடிக்கலாம், அதுவே சரியாகிவிடும். முழங்கால் வலி உள்ளவருக்குச் சிக்கல் இறக்கத்தில்தான். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உடம்பின் மொத்த எடையையும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே தாங்க வேண்டியிருக்கிறது. முழங்கால் சில்லின் பின்னால் அழுத்தம் பல மடங்கு ஏறும். அந்தத் தசை களைத்துப்போனால் கால் நடுங்கும், நடுங்கும் கால்தான் ஈரப்படியில் வழுக்கும். என்னிடம் வருகிறவர்களில் மலையில் விழுந்தவர்கள் பெரும்பாலும் இறங்கும்போது விழுந்தவர்கள்தான்.

அம்மா என்ன மாத்திரை எடுக்கிறார் என்று பாருங்கள். பீட்டா பிளாக்கர் வகை என்றால், எவ்வளவு சிரமப்பட்டாலும் நாடித்துடிப்பு பெரிதாக ஏறாது. அதனால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்ப முடியாது. ஏறும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே போங்கள். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் வேகம் சரி. ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் நிறுத்துங்கள். நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்றல் வந்தால் மேலே போவதைப் பற்றி யோசிக்கவே கூடாது. புறப்படும் முன் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மலையடி_சுதன்

இறக்கத்துக்கு வழி இருக்கிறது. படிகளுக்குப் பக்கத்திலேயே லயர்பேர்ட் ட்ராக் என்று இன்னொரு பாதை ஓடுகிறது. மேலே ஒன் ட்ரீ ஹில்லுக்குப் போய், கீழே அதே மைதானப் பக்கம் வந்து சேரும். அதில் படி கிடையாது, அகலமான மண் சரளைப் பாதை. ஏறுகிறவர்கள் படியிலும் இறங்குகிறவர்கள் அந்தப் பாதையிலும் போனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

கைகால்_வைத்தியன்

அந்தப் பாதையும் செங்குத்துதான், தம்பி. சரளைக்கல் காலடியில் உருளும். இளவயதுக்காரருக்குப் படியைவிட அது நல்லது என்பேன். முழங்கால் வலிக்கிற அம்மாவுக்கு ஊன்றுகோல் இல்லாமல் அதைச் சொல்ல மாட்டேன்.

வன்னிக்காரன்

மீனா தங்கச்சி, இதற்குச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. ஒன் ட்ரீ ஹில் பிக்னிக் மைதானத்துக்குக் கார் போகும். ஃபெர்னி கிரீக் பக்கமாகச் சுற்றி ஏறினால் மேலே வந்துவிடலாம். உங்கள் கணவர் உங்களைக் கீழே இறக்கிவிட்டுக் காரை மேலே கொண்டுவந்து நிற்கட்டும். அம்மா ஏறினால் போதும், இறங்கவே தேவையில்லை. சாப்பாட்டையும் காரிலேயே வைத்துவிட்டால் சுமையும் இல்லை. என்னுடைய அப்பாவை இப்படித்தான் கூட்டிப்போனேன்.

நோபிள்பார்க்_மீனா

அண்ணா, இது எனக்குத் தோன்றவே இல்லை! கணவருக்கும் இது பிடிக்கும், அவருக்கு ஏற வேண்டிய வேலையும் இல்லை. கைகால் வைத்தியருக்கு ரொம்ப நன்றி, மாத்திரைப் பெயரை இன்றைக்கே பார்க்கிறேன்.

வன்னிக்காரன்

போவதற்கு முதல் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவ்வளவு நேரம் படி, கார், முழங்கால் என்று எல்லாம் கதைத்தாயிற்று, அந்த இடம் எதற்காக இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. அதன் முழுப்பெயர் கொக்கோடா ட்ராக் நினைவு நடை. வழிநெடுகப் பதித்திருக்கிற பலகைகள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல.

இரண்டாம் உலகப் போரில், 1942 ஜூலை 21 இரவு, ஜப்பானியப் படை அப்போது ஆஸ்திரேலிய ஆட்சியில் இருந்த பாப்புவாவின் (இன்றைய பாப்புவா நியூ கினி) வடகரையில் கோனாவுக்கு அருகே இறங்கியது. மலையைக் கடந்து தெற்கே போர்ட் மோர்ஸ்பியைப் பிடிப்பது அவர்கள் திட்டம். குறுக்கே இருந்தது ஓவன் ஸ்டான்லி மலைத்தொடர். அதற்குள் இருந்த ஒற்றையடிப் பாதைதான் கொக்கோடா, 96 கிலோமீட்டர். முதலில் அங்கே எதிர்த்து நின்றவர்கள் பாப்புவா காலாட்படையினரும் ஆஸ்திரேலியாவின் 39ஆவது படையணியும். அந்தப் படையணியில் இருந்தவர்கள் நம்முடைய விக்டோரியா மாநிலப் பொடியன்கள், சரியான பயிற்சி கூட இல்லாதவர்கள். ஆகஸ்ட் கடைசியில் இசுராவாவில் நடந்த சண்டையில், 2/14ஆவது படையணியைச் சேர்ந்த புரூஸ் கிங்ஸ்பரி என்ற மெல்பர்ன்காரர், பிரென் துப்பாக்கியை இடுப்போடு அணைத்தபடி முன்னேறிச் சுட்டு எதிரி வரிசையை உடைத்தார். அடுத்த நிமிடங்களிலேயே குறிபார்த்துச் சுட்ட ஒருவனின் குண்டுக்குப் பலியானார். வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸை அவருக்குக் கொடுத்தார்கள். ஆஸ்திரேலிய ஆட்சிக்குட்பட்ட மண்ணில் செய்த செயலுக்குக் கிடைத்த முதல் விக்டோரியா கிராஸ் அதுதான். பின்வாங்கிப் பின்வாங்கிச் செப்டம்பரில் இமிட்டா முகடு வரைக்கும் வந்து, அங்கிருந்து திருப்பி அடித்து, நவம்பர் 2ஆம் தேதி கொக்கோடாவை மீட்டார்கள். அந்தப் பாதையில் ஆஸ்திரேலியர் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் செத்தார்கள். மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் விழுந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு.

இந்தப் படிகளுக்கும் அந்தப் போருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இமிட்டா முகட்டுக்கு ஏறும் சரிவில் மரக்கட்டைகளை முளையடித்து நிறுத்திப் படி வெட்டினார்கள். படை அதைத் தங்கப் படிகள் என்று கூப்பிட்டது. மழையில் கட்டை வழுக்கும், கட்டைக்குப் பின்னால் சேறு குழியாக நிற்கும். துப்பாக்கியும் மூட்டையும் சுமந்து, காய்ச்சலோடு அதில் ஏறினார்கள். ஃபெர்ன்ட்ரீ கல்லிப் படியில் மூச்சு வாங்கும்போது பக்கத்தில் இருக்கிற பலகையை வாசித்தால் அது விளங்கும்.

என்னுடைய மனதில் நிற்பது இன்னொரு விஷயம். காயப்பட்டவர்களைத் தோளில் சுமந்து அந்தச் சேற்றில் இறக்கியவர்கள் பாப்புவா மக்கள். பலர் தாங்களாக வந்தவர்களும் இல்லை, ஆட்சி கட்டாயப்படுத்திப் பிடித்துக்கொண்டு வந்தது. 1942 கிறிஸ்துமஸ் நாளில் பூனாவுக்கு அருகே எடுத்த ஒரு படம் இருக்கிறது. கண்ணில் கட்டுப்போட்ட ஜார்ஜ் விட்டிங்டன் என்ற சிப்பாயை ரஃபேல் ஒயிம்பாரி என்ற பாப்புவா ஆள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறார். வன்னியில் காயக்காரரைச் சுமந்துகொண்டு ஓடின சனங்களை நான் நேரில் கண்டவன். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என்னால் இந்தப் படிகளை ஜிம் என்று சொல்ல முடியாது. ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுக்கொண்டு, பலகையில் காலைத் தூக்கி வைத்து நரம்பை இழுக்கிறவர்களைக் கண்டால் வயிறு எரிகிறது.

ஓட்டக்காரி

அண்ணா, பலகையில் கால் வைப்பது தவறு, ஸ்பீக்கரும் தவறு. அதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் உடற்பயிற்சிக்கு வருவதே அவமரியாதை என்பது போல எழுதுவதை ஏற்க மாட்டேன். எங்கள் வீட்டிலிருந்து பெல்கிரேவ் ரயிலில் ஏறி அப்பர் ஃபெர்ன்ட்ரீ கல்லியில் இறங்கினால், கொஞ்ச தூர நடையில் படி வந்துவிடும். மாதாமாதம் ஜிம்முக்குப் பணம் கட்ட முடியாதவர்களுக்கு ரயில் பயணத்துக்கான மைக்கி அட்டை மட்டும் போதும். இரவு வேலை முடித்து நேராக இங்கே வரும் தாதிகளை எனக்குத் தெரியும். பிரசவத்துக்குப் பிறகு மனம் சோர்ந்து கிடந்த என்னை வெளியே இழுத்து வந்ததும் இந்தப் படிகள்தான். முதலில் உடம்புக்காகத்தான் வந்தேன். மூச்சுக்காக நின்ற இடங்களில் எல்லாம் பலகைகள் இருந்தன, அப்படித்தான் வாசித்தேன். இப்போது என் மகளுக்குக் கிங்ஸ்பரி யார் என்று தெரியும். நினைவுச்சின்னத்தைப் பூட்டி வைத்துவிட்டு வருஷத்துக்கு ஒரு நாள் பூ வைப்பதைவிட, தினமும் ஆயிரம் பேர் வியர்வையோடு கடந்து போவது நல்லது என்றே நினைக்கிறேன்.

வன்னிக்காரன்

தங்கச்சி, நீங்கள் வாசித்துவிட்டு ஓடுகிறவர். உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் சொல்கிற நியாயத்தை ஏற்றுக்கொள்கிறேன். சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கிற உரிமையையும் விடமாட்டேன்.

பெரணிக்காடு

சத்தத்தைப் பற்றி எனக்கும் சொல்ல இருக்கிறது, வேறு காரணத்துக்காக. அந்தக் காட்டில் வீணைவால் குருவி இருக்கிறது, இங்கே லயர்பேர்ட் என்பார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அதன் இனப்பெருக்கக் காலம். ஆண் பறவை மண்ணைக் கீறி மேடை போல ஆக்கி, வாலை விரித்துத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு பாடும். கூக்கபரா, சாட்டைக்குருவி, ரொசெல்லா என்று சுற்றியிருக்கும் பறவைகளின் குரலை எல்லாம் வரிசையாக எடுத்துவிடும். அந்தப் பறவைகளே ஏமாறும் அளவுக்குத் துல்லியமாக இருக்கும். பெண் பறவை ஒரே ஒரு முட்டைதான் இடும், ஏறக்குறைய ஐம்பது நாள் தனியாக அடைகாக்கும். கூடு பெரும்பாலும் தரைக்குப் பக்கத்திலேயே இருக்கும். நரியும் காட்டில் திரியும் பூனையும் அதற்கு எமன். நாயைக் கூட்டிவரக் கூடாது என்ற விதி அதனால்தான் இருக்கிறது. படத்துக்காகப் பாதையை விட்டுப் புதருக்குள் இறங்குகிறவர்கள் எதை மிதிக்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.

அது நாள் முழுக்கத் தரையைக் கிளறிப் புழு தேடுவதால் காய்ந்த சருகு மண்ணோடு கலந்து மட்கிவிடுகிறது. தீ பிடிக்கிற காட்டில் அது எவ்வளவு பெரிய வேலை என்று நினைத்துப் பாருங்கள். மீனா, அம்மாவோடு வார நாளில் போகிறீர்கள் என்றால் பேச்சைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சருகு கிளறும் ஓசையைக் கவனியுங்கள். பறவையைப் பார்க்கும் முன் அந்த ஓசைதான் காட்டிக்கொடுக்கும். ஈரநாளில் ரத்தம் உறிஞ்சும் அட்டை இருக்கும், அம்மாவுக்கு முழுக் காலுறை போட்டுவிடுங்கள்.

வன்னிக்காரன்

அந்த மலையில் மரையும் இருக்கிறது. நம்முடைய ஊர்க் காட்டில் நின்ற அதே மரை. 1860களில் வெள்ளைக்காரர்கள் வேட்டைக்காக இலங்கையிலிருந்தும் கொண்டுவந்து விட்டார்கள், இப்போது விக்டோரியாவின் கிழக்கு மலைகள் முழுக்கப் பெருகிவிட்டது.

பெரணிக்காடு

ஆமாம், தமிழ்நாட்டில் கடமான் என்போம். பார்க்க அழகுதான். ஆனால் இந்தக் காட்டுக்கு அதனால் பெரிய கேடு. இளம் பெரணிகளைக் கடித்து, மரப்பட்டையைக் கொம்பால் உரித்து, ஓடைக்கரையைச் சேறாக்கிவிடுகிறது. இங்குள்ள செடிகள் அப்படிப்பட்ட விலங்கோடு சேர்ந்து வளர்ந்தவை அல்ல.

கோடைக்கு_வருவேன்

இடையில் ஒரு கேள்வி. எங்களுக்கு விடுமுறை ஜனவரியில்தான். அப்போது போகலாமா?

மலையடி_சுதன்

போகலாம், ஆனால் முந்தின நாள் மாலையே தீ அபாய நிலையைப் பார்த்துவிடுங்கள். 'கேட்டஸ்ட்ரோஃபிக்' (உச்ச அபாயம்) என்று அறிவித்த நாளில் பூங்காவை மூடிவிடுவார்கள். மூடாவிட்டாலும், அதற்கு அடுத்த நிலையான 'எக்ஸ்ட்ரீம்' நாளில் நான் அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டேன். பள்ளத்தாக்கில் தீ மேல்நோக்கித்தான் ஓடும், மனிதனைவிட வேகமாக ஓடும். 1997 ஜனவரியில் இதே ஃபெர்னி கிரீக்கில் தீ வந்து மூன்று பேர் இறந்தார்கள். மலை ஆட்கள் அதை இன்னும் பேசுவார்கள். அவசர எச்சரிக்கைகளைத் தரும் விக்எமர்ஜென்சி செயலியைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றையும் பாருங்கள். 2021 ஜூனில் அடித்த புயலில் மலை முழுக்கப் பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்தன. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்த வீடுகள் உண்டு. பலத்த காற்று எச்சரிக்கை இருந்தால் இன்னொரு நாள் போகலாம். பூங்கா நிர்வாகம் தன் தளத்தில் மூடல் செய்தியைப் போடும், கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்தால் போதும்.

இரவுப்பணி_தாதி

நானும் படியேறுகிற ஆள்தான். எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று: விக்டோரியாவின் பூங்காக்களில் அவசர அடையாளப் பலகைகள் இருக்கும். மூன்று எழுத்தும் மூன்று எண்ணும் எழுதியிருக்கும். கடந்து போகும்போது கடைசியாகப் பார்த்ததை நினைவில் வையுங்கள், இல்லையென்றால் படம் எடுத்து வையுங்கள். யாராவது விழுந்தால் 000க்கு அழைத்து அந்தக் குறியீட்டைச் சொன்னால் ஆம்புலன்ஸுக்கு இடம் சரியாகத் தெரிந்துவிடும். "படியில் பாதி வழியில்" என்று சொன்னால் தேடுவதிலேயே நேரம் போய்விடும். நெஞ்சுவலிக்காரருக்கு அந்த நேரம்தான் உயிர். ஆங்கிலத்தில் தடுமாறும் பெற்றோருக்கும் அந்தப் பலகையைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். எழுத்தையும் எண்ணையும் வாசித்தால் போதும்.

நோபிள்பார்க்_மீனா

எல்லோருக்கும் நன்றி. மருத்துவரிடம் பேசியாயிற்று, நிதானமாக ஏறலாம் என்றார். வியாழன் காலை பத்தரைக்குக் கீழே மைதானத்தில் காரை விட்டு இறங்கி ஏறத் தொடங்குகிறோம். கணவர் ஒன் ட்ரீ ஹில்லில் புளிசாதத்தோடு காத்திருப்பார். மழை பெய்தால் அடுத்த வாரம். வன்னி அண்ணா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பலகைகளை ஒவ்வொன்றாக நின்று வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறார். அதனால் மூச்சு வாங்கவும் நேரம் கிடைக்கும்.

கைக்குழந்தைக்காரன்

இழையை இப்போதுதான் பார்த்தேன். தள்ளுவண்டியோடு போக முடியுமா?

இரவுப்பணி_தாதி

படியில் முடியவே முடியாது, லயர்பேர்ட் ட்ராக்கிலும் தள்ளுவண்டி வேண்டாம், இறக்கத்தில் கை நழுவினால் அவ்வளவுதான். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஈரநாளில் அதைச் செய்யாதீர்கள். கலிஸ்டாவில் கிராண்ட்ஸ் பிக்னிக் மைதானத்துக்குப் போங்கள். அங்கே ஹார்டி கல்லி என்ற சின்ன நடை இருக்கிறது. அதே பெரணிகள், நல்லவேளை இருந்தால் அதே பறவை, ஏற்றம் கொஞ்சம்தான். குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், காலையிலேயே போய்விடுங்கள்.